வடிவான வாக்குமூலம்

ஆயுள் தண்டனை என்ற சொல்லைத் தவநாயகி தன் பெயரோடு சேர்த்து முதன்முதலாகக் கேட்டது, லண்டன் ரெய்னர்ஸ் லேனில் ஒரு சலூனுக்கு மேல்மாடியில். கீழே ஹேர் டிரையர் உறுமிக்கொண்டிருந்ததால், தப்பாகத்தான் காதில் விழுந்திருக்கும் என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டார்.

"ஆயுளோ? தம்பி, நான் ஆரையும் வெட்டினனானோ?"

"சட்டத்திலை உச்சம் அது, அக்கா," என்றார் துப்பறிவாளர் பாலேந்திரா. "அவ்வளவு தரமாட்டினம். ஆனா மாசக்கணக்கா உள்ளை இருந்திட்டு வந்த ஆக்கள் இருக்கினம். நீதியைத் திசைதிருப்பினது எண்டு குற்றத்துக்குப் பேர். மனுசன் ஸ்பீடா ஓடினதுக்கு 'நான்தான் ஓடினனான்' எண்டு கையெழுத்து வைச்ச மனுசி. 'அவன் அண்டைக்கு என்ரை வீட்டிலைதான் நிண்டவன்' எண்டு சொன்ன சிநேகிதன். எல்லாரும் கோயில்லை முன்வரிசையிலை நிக்கிற ஆக்கள்தான்."

"புரியுது சார்," என்றாள் அவருடைய உதவியாளர் ஓவியா. "இது நல்லவங்க பண்ற குற்றம். கெட்டவங்களுக்கு வேற லிஸ்ட் இருக்கு."

ஓவியா கோயம்புத்தூர்க்காரி. பாலேந்திராவிடம் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. டைப்பிங், டீ, டிரைவிங் மூன்றுக்கும் சம்பளம். வாய் இலவச இணைப்பு. பாலேந்திரா யாழ்ப்பாணத்தில் புடவைக் கடையில் பிறந்து வளர்ந்தவர். துணியின் ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்தே எவ்வளவு கலப்படம் என்று சொல்லிவிடும் குடும்பம். லண்டனில் இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய்க் கிளெய்ம்களை நெருடிப் பார்த்தார். இப்போது சொந்தக் கடை.

விஷயம் இதுதான். இரண்டு வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை காலை, தவநாயகியின் மளிகைக் கடையான தவம் ஸ்டோர்ஸ் வாசலில் சைக்கிளில் வந்த ஒரு முதியவரை ஏதோ ஒரு வண்டி இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. தோள் எலும்பு முறிந்து அவர் ஆஸ்பத்திரியில். வெள்ளி நிறக் கார் என்றது ஒரு சாட்சி. தவநாயகியின் தம்பி மகன் சுஜீத்திடம் வெள்ளி நிறக் கார் உண்டு. அன்று காலை அவன் கடைக்கு வந்ததும் உண்டு.

திங்கட்கிழமை, கடை வாசல் கேமராவின் பதிவு வேண்டும், அரைமணியில் வருகிறோம் என்று போலீஸ் தவநாயகிக்குப் போன் செய்தது. அவர் அப்போது மொத்த மார்க்கெட்டில் இருந்தார். கடையில் புதிதாகச் சேர்ந்த பத்ரிநாராயணனுக்கு உடனே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். போலீஸ் போய்ப் பார்த்தால் பதிவுப் பெட்டியையே காணோம். கேமரா செத்து நாளாகிவிட்டது என்றார் பத்ரிநாராயணன். அடுத்த நாள் தவநாயகியின் போனைப் போலீஸ் எடுத்துக்கொண்டது. அந்த மெசேஜை யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். சுஜீத்தைக் காப்பாற்றப் பார்த்தார் என்று தவநாயகி கைதாகி, ஜாமீனில் வந்தார்.

இன்று மாலை நான்கு மணிக்கு அவர் திரும்பப் போக வேண்டும். குற்றம் சாட்டுவதா, விடுவதா என்று அப்போது முடிவாகும். அதுவரை பத்ரிநாராயணனிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது ஜாமீன் நிபந்தனை. இப்போது மணி பதினொன்று நாற்பது.

"அந்த மெசேஜிலை என்ன சொன்னனீங்கள், அக்கா? சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கோ?"

"ஒரு கையிலை மரவள்ளிக் கட்டு, மற்றக் கையிலை போன். என்ன சொன்னனோ ஆருக்குத் தெரியும்? உண்மையைச் சொல்லச் சொன்னனான். அதுக்கு மேலை என்னட்டை என்ன இருக்குச் சொல்ல?"

பாலேந்திரா மேசைமேல் இருந்த தாளைத் திருப்பினார். தவநாயகியின் வக்கீல் மேனுஷா அனுப்பிய ஆங்கில மொழிபெயர்ப்பு. இரண்டே வரி. 'போலீஸ் வந்தால் அவர்களுக்கு ஓர் அழகான கதை சொல்லுங்கள். பெட்டியையும் எடுத்து வைத்துவிடுங்கள்.'

தவநாயகி அதைப் படித்துவிட்டுக் கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். "இது நான் இல்லை," என்றார்.

அசல் ஒலிப்பதிவைத் தரும்படி மேனுஷா போலீஸிடம் கேட்டிருக்கிறாள். ஆனால் நான்கு மணி விசாரணையில்தான் போட்டுக் காட்டுவார்களாம். தவநாயகியைக் கீழே டாக்சியில் ஏற்றிவிட்டு வந்த பாலேந்திரா, இன்னொரு தாளை ஓவியாவிடம் நீட்டினார்.

"பத்ரி பொலிசுக்குக் குடுத்த வாக்குமூலம். வடிவாப் பார்."

ஓவியா தாளைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு சார். நல்ல ஃபான்ட். சுத்தி ஒரு பார்டர் போட்டிருந்தா இன்னும் எடுப்பா இருக்கும்."

பாலேந்திரா கண்ணாடிக்கு மேலாக ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வைக்கு மூன்று வாரத்தில் அவள் பழகிவிட்டிருந்தாள். படிக்க ஆரம்பித்தாள்.

படிக்கப் படிக்க அவள் புருவம் ஏறிக்கொண்டே போயிற்று. வியாழக்கிழமை இடி இடித்தது. கேமரா கண்ணை மூடியது. அதைப் பழுது பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் ஏணியில் ஏறிய நொடியில் அவன் போன் அலறியது. மனைவிக்குப் பிரசவ வலி. ஏணியிலிருந்து குதித்து ஓடினான். இரட்டைக் குழந்தை. பதிவுப் பெட்டியைச் சரி பார்க்கிறேன் என்று கையோடு கொண்டுபோனவன், சந்தோஷத்தில் அதை எந்தப் பஸ்ஸில் மறந்தானோ.

"சார், போலீஸ்கிட்ட யாராவது இரட்டைக் குழந்தைய இறக்குவாங்களா?"

"இன்னும் என்ன?"

"எலக்ட்ரீஷியனுக்குப் பேர் இல்ல. ஆனா அவனோட மாமியாருக்குப் பேர் இருக்கு. மாமியார் கோவக்காரின்னும் இருக்கு."

"பிறகு?"

"ஒவ்வொரு பாராவும் போன் அலறி, இல்லேன்னா கதவு தட்டி முடியுது." ஓவியா தாளை மேசையில் வைத்து விரலால் தட்டினாள். "இது வாக்குமூலம் இல்ல சார், எபிசோட். நடுவுல மூணு இடத்துல விளம்பர இடைவேளை விட்டிருக்கார். இவரு ஊர்ல டிவி சீரியல் எழுதினவரு. என் தலைய அடமானம் வைக்கிறேன்."

பாலேந்திரா சிரித்தார். "அழுகின மாம்பழம் விக்கிறவன் மாம்பழத்தைப் பற்றிக் கதைக்க மாட்டான், பிள்ளை. வெதரைப் பற்றிக் கதைப்பான். பயத்திலை பொய் சொல்லுறவன் எப்பவும் சுருக்கித்தான் சொல்லுவான். இந்த மனுசன் ரசிச்சு ரசிச்சுச் சொல்லியிருக்கு. பயமில்லாமப் பொய் சொல்ல ஆரோ இவருக்குத் துணிவு குடுத்திருக்கினம்."

"ஆன்ட்டிதான்னு போலீஸ் சொல்லுது."

"அதைத்தான் போய்ப் பாப்பம். காரை எடு."

படியில் இறங்கும்போது ஓவியாவுக்கு ஒரு யோசனை வந்தது. "சார், அந்த மொழிபெயர்ப்பாளரத் தேடிப் பிடிச்சு, அந்த ஒரு வரிய மட்டும் கொஞ்சம் மாத்தி எழுதுங்கன்னு கேட்டா?"

பாலேந்திரா படியிலேயே நின்றுவிட்டார். "கேள். நாலு மணிக்குத் தவமக்காவுக்குப் பக்கத்துக் கதிரையிலை உனக்கும் இடம் பிடிச்சு வைக்கினம். சாட்சியைச் சந்திக்கிறது குற்றமில்லை. சாட்சியின்ரை வாயைத் திருத்தினாக் குற்றம். கடையிலை நாங்கள் கேப்பம். ஒண்டையும் சொல்லிக் குடுக்க மாட்டம். விளங்குதோ?"

"விளங்குது சார். வாய இலவசமாக் கொடுத்தது தப்புன்னும் விளங்குது."

தவம் ஸ்டோர்சில் கூட்டம் இல்லை. கல்லாவில் பத்ரிநாராயணன். நெற்றியில் கீற்றாகத் திருமண், மேலே கம்பளி ஸ்வெட்டர், ஐம்பது வயது. ஒரு பெண்ணுக்கு முருங்கைக்காய் விற்றுக்கொண்டிருந்தார். அந்த முருங்கைக்காய் எந்த ஊரில் பிறந்து, எத்தனை விமானம் மாறி, எப்படி வதங்காமல் வந்தது என்று அவர் சொல்லி முடித்தபோது அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியிருந்தது. மூன்று கட்டு வாங்கினாள்.

"அப்பிடியே கருவாடு ஒரு பைக்கற் தாங்கோ, அங்கிள்."

"கருவாடு ஸ்டாக் இல்லை," என்றார் பத்ரிநாராயணன், கண்ணை எங்கும் ஓட்டாமல்.

ஓவியா திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இருந்த தட்டில் கருவாட்டுப் பைகள் தரையிலிருந்து தலை உயரத்துக்கு அடுக்கியிருந்தன. கடையில் பருப்பும் மிளகாயும் கலைந்து கிடக்க, கருவாடு மட்டும் கொலுப்படி மாதிரி ஒழுங்காக இருந்தது. பாலேந்திராவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சாமானை வைத்துக்கொண்டே இல்லையென்று சொல்லும் கடைக்காரரை அவர் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கண்டதில்லை.

அந்தப் பெண் போனதும் பாலேந்திரா கல்லாவுக்கு வந்தார். தான் யார், யாருக்காக வந்திருக்கிறார், பேச விருப்பமில்லையென்றால் பேசவேண்டாம் என்று முறையாகச் சொன்னார். பிறகு, "விருப்பமெண்டா, உங்களோடை வடிவாக் கதைக்க வேணும்," என்றார்.

பத்ரிநாராயணன் கடை வாசலை ஒரு முறை பார்த்தார். கல்லாவைத் தாண்டிக் குனிந்தார். குரல் கிசுகிசுத்தது.

"இன்னொரு கதையா? போதும் சார். முதல் கதைக்கே ரெண்டு வாரமாத் தூக்கமில்லை. அந்த இரட்டைக் குழந்தைக்கு நேத்து போலீஸ்காரி பேர் கேட்டுட்டா!"



ஓவியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஃபான்ட். பார்டர். அவளே ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அதே பள்ளத்தில் விழுந்து எழுந்திருக்கிறாள். அது பள்ளம் என்று மட்டும் தெரியவில்லை. பாலேந்திராவின் சட்டைக் கையை இழுத்தாள். அவர் உதட்டில் விரல் வைத்தார். சொல்லிக் கொடுக்கக் கூடாது.

"அந்த மெசேஜ் உங்கடை போனிலை இருக்கோ? இருந்தா, உங்களுக்கு விருப்பமெண்டா, போட்டுக் காட்டுங்கோ."

பத்ரிநாராயணன் போட்டார். மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவே தவநாயகியின் அவசரக் குரல்: "பத்ரியண்ணை, பொலிஸ் வரப் போறாங்கள். வடிவாக் கதையுங்கோ. பெட்டியையும் எடுத்து வையுங்கோ. நான் வாறன்."

"உங்களுக்கு என்ன விளங்கினது?"

"வேற என்ன? 'வடிவா கதை'. அழகா ஒரு கதை. 'உங்கோ'ன்னா உங்க பொறுப்புன்னு எடுத்துண்டேன். சேர்ந்து ஆறாவது நாள், முதலாளியம்மா இவ்வளவு நம்பிக்கையா ஒரு பொறுப்பைத் தர்றா. சென்னையில பன்னிரண்டு வருஷம் சீரியலுக்கு வசனம் எழுதினேன் சார், ஒருத்தரும் இப்படி முழுச் சுதந்திரம் குடுத்ததில்லை. பெட்டியை எடுத்து வைன்னா. எடுத்து உள்ளே வச்சேன்."

பாலேந்திரா ஓவியாவைப் பார்த்தார். சொல்ல வேண்டியது அவளுக்கும் தெரிந்துவிட்டது. அவர்களுடைய ஊரில் வடிவாக என்றால் ஒழுங்காக. கதைப்பது என்றால் பேசுவது. போலீஸ் வந்தால் ஒழுங்காகப் பேசுங்கள், பெட்டியைக் கொடுக்க எடுத்து வையுங்கள். அவ்வளவுதான் தவநாயகி சொன்னது. மொழிபெயர்த்தவர் விழுந்த பள்ளத்தில் பத்ரிநாராயணன் ஏற்கெனவே விழுந்து, உள்ளே ஒரு சீரியலே ஓட்டியிருக்கிறார்.

"சார், அப்ப ஆன்ட்டி தப்பிச்சாங்க!" என்று குதித்த ஓவியா, அப்படியே கருவாட்டுத் தட்டுப் பக்கம் பாய்ந்தாள். "பெட்டி இங்கதானே அங்கிள்? சைவச் சாப்பாட்டுக்காரர் கருவாட்டுக்குப் பின்னால கை விடுவார்னு எவன் நினைப்பான்! எடுத்துத் திரும்ப மாட்டிட்டு, தேடினேன் கிடைச்சுதுன்னு சொல்லிடுங்க. முடிஞ்சுது."

"தொடாதை!"

பாலேந்திரா கத்தி அவள் கேட்டதே இல்லை. நீட்டிய கை நெத்தலிப் பைக்கு ஓரங்குலம் முன்னால் நின்றது.

"நீ இப்ப சொன்னது இருக்கே, அதுக்குப் பேர்தான் அந்தக் குற்றம். எடுத்து, மாட்டி, ஒரு குட்டிப் பொய். மூண்டும் நல்ல மனசோடை. உன்ரை கை பட்டா அந்தப் பெட்டியிலை என்ன இருந்தாலும் நாங்கள் செய்ததெண்டு ஆகிப் போகும்." குரலைத் தணித்துக்கொண்டு போனை எடுத்தார். "மேனுஷாவுக்குச் சொல்லுவம். பொலிஸ் வந்து தங்கடை கையாலை எடுக்கட்டும். யாழ்ப்பாணத் தமிழ் தெரிஞ்ச வேற ஒரு ஆளை வைச்சு அந்த மெசேஜைக் கேக்கச் சொல்லுவம்."

பத்ரிநாராயணன் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெல்ல மெல்லப் புரிந்துகொண்டிருந்தது அவருக்கு.

"அப்போ... அந்தம்மா என்னைப் பொய் சொல்லவே சொல்லலையா?"

ஓவியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல்லிக் கொடுக்கக் கூடாது.

"நானாவேதான் சொன்னேனா?" என்றார் அவர், தன்னிடமே. பிறகு ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, மடித்துவைத்திருந்த நல்ல சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். "நானே ஸ்டேஷனுக்கு வரேன் சார். எந்த பஸ்?"

மூன்று ஐம்பதுக்குப் போலீஸ் நிலைய வரவேற்பறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளின் ஒரு கோடியில் தவநாயகி, மறு கோடியில் பத்ரிநாராயணன். நிபந்தனை இன்னும் அமலில் இருந்தது. ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க இருவரும் சுவரில் ஒட்டியிருந்த ஒரே சுவரொட்டியைப் பார்த்தார்கள். நடுவில் ஓவியாவும் பாலேந்திராவும் எல்லைக் காவல்.

உள்ளேயிருந்து மேனுஷா வந்தாள். இளம் வக்கீல், வேகமாகப் பேசுவாள், வேகமாக நடப்பாள்.

"அன்ரி, பிழைச்சீங்கள்! வேற இன்ரர்பிரிட்டரை வைச்சு ஓடியோவைக் கேட்டிட்டினம். பெட்டியிலை படமும் இருக்கு. இடிச்சது ஒரு வெள்ளை வான், நம்பரும் வடிவாத் தெரியுது. சுஜீத்தின்ரை கார் அந்த நேரம் முழுக்கப் பார்க் பண்ணித்தான் நிக்குது. சாட்சி கண்டது அதைத்தான். உங்களிலை ஒரு பிழையும் இல்லை. கடைசியா ஒரு கேள்வி கேட்டு எழுதுவினம், அவ்வளவுதான்."

தவநாயகி கண்ணை மூடித் திறந்தார். "அப்ப அவர்?"

மேனுஷாவின் வேகம் குறைந்தது. "அவர் சொன்னது பொய்தானே, அன்ரி. ஒளிச்சும் வைச்சிட்டார். ஏன் எண்டது வேற விஷயம். உள்ளை கூப்பிட்டுக் கேப்பினம். அவரின்ரை மனுசியின்ரை வேலை விசாவிலைதான் அவர் இஞ்சை இருக்கிறார். குற்றம் எண்டு வந்தா..." முடிக்கவில்லை.

தவநாயகி கோட்டுப் பொத்தானைத் திருகினார். பிறகு பாலேந்திராவின் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, நான் ஒண்டு சொன்னாப் பிழையோ? ஓம், நான்தான் பொய் சொல்லச் சொன்னனான், அந்த மனுசன் பாவம், முதலாளி சொல்லைக் கேட்டது எண்டு..."

"நான் இதைக் கேக்கேல்லை," என்றாள் மேனுஷா. "நான் தண்ணி குடிக்கப் போறன்." போயே விட்டாள்.



"அக்கா," என்றார் பாலேந்திரா, "காலமை தொடக்கம் நீங்கள் செய்யாத குற்றத்துக்காக நாங்கள் ஓடித் திரிஞ்சம். இப்பதான் அதைச் செய்யப் போறீங்கள்."

"நல்லதுக்குத்தானே தம்பி?"

"எல்லாரும் நல்லதுக்குத்தான் செய்யினம்."

"அப்ப நான் என்னத்தைச் சொல்ல?"

பாலேந்திரா குனிந்தார். தன் ஷூவின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்ட ஆரம்பித்தார். கட்டி முடிக்கவும் கதவு திறந்து ஓர் இளம் போலீஸ்காரி தாளோடு வரவும் சரியாக இருந்தது.

உங்கள் வாக்குமூலத்தில் சேர்க்க வேறு ஏதாவது உண்டா என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

தவநாயகி எழுந்து நின்றார். மறு கோடியில் பத்ரிநாராயணன் தலையைக் குனிந்திருந்தார். அந்தக் குனிந்த தலையை அவர் பார்த்தார்.

"உண்டு," என்றார் தவநாயகி, நிறுத்தி நிறுத்தித் தன் கடை ஆங்கிலத்தில். "ஒழுங்காகப் பேசுங்கள் என்றுதான் சொன்னேன். அவருக்கு என்னுடைய தமிழ் விளங்கவில்லை. அவர் சேர்ந்து ஆறு நாள்தான். விளங்கினதா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அதையும் எழுதுங்கள்."

போலீஸ்காரி எழுதினாள். தவநாயகி கையெழுத்திட்டார்.

"நீங்கள் போகலாம்," என்றாள் போலீஸ்காரி. பிறகு பத்ரிநாராயணனின் பெயரை நான்கு துண்டாக உடைத்துக் கூப்பிட்டாள். அவர் எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு நடந்தார். தவநாயகியைத் தாண்டும்போது ஒரு கணம் நின்றார். நிபந்தனை முடிந்துவிட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை போலும். கை மட்டும் கூப்பினார்.

கதவு சாத்திக்கொண்டது.

"தானாவே வந்து உண்மையைச் சொன்னவர் எண்டதை எழுதுவினம்," என்றார் பாலேந்திரா. "அதுக்கு மேலை எனக்குத் தெரியாது."

"வாங்க ஆன்ட்டி, வண்டிய எடுக்கிறேன்," என்றாள் ஓவியா. "வீட்டுல எல்லாரும் காத்துட்டு இருப்பாங்க."

தவநாயகி காலையிலிருந்து கழற்றாத கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கழற்றி, நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கதவுக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்கள் போங்கோ பிள்ளை. நான் இருக்கிறன்."